வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமா?



நம் தமிழ்ப்பள்ளி மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் பழமொழிகளுள் ஒன்று, 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது. வசதி இல்லையே என்று தயங்கும் பிள்ளைக்கு ஊக்கம் ஊட்டுவதற்காக இதைச் சொல்கிறோம். சொல்பவருடைய நெஞ்சில் குற்றமில்லை. ஆயினும் பறவைகளை ஒளிப்படம் எடுக்கும் துறையில் இப்பழமொழி பொருந்தாது என்று நான் சொல்கிறேன். பொருந்தாததோடு நிற்கவில்லை, இல்லாத வீட்டுப் பிள்ளையின் வாயை அடைக்கவும் அது பயன்படுகிறது.

இதற்கு நேர் எதிரே இன்னொரு பேச்சும் உலவுகிறது. 'நல்ல கேமரா வாங்கிக் கொடுத்தால் என் மகனும் பரிசு வாங்குவான்' என்பது அது. கையில் காசுள்ள பெற்றோர் இதை நம்புகிறார்கள். கடைக்காரர் இதை வளர்க்கிறார். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் பாட்டிமார் சொன்னது இவர்களுக்காகத்தான்.

ஒன்று இல்லாதவனை ஏமாற்றும் பேச்சு. மற்றொன்று இருப்பவனை ஏமாற்றும் பேச்சு. இவ்விரண்டையும் மறுத்து எழுதுவதே என் நோக்கம். பினாங்கில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளைச் சுற்றிப் பறவைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கவும் படம் எடுக்கவும் அவர்களுக்கு உள்ள வாய்ப்பை நாம் நம் வாய்ப்பேச்சால் கெடுத்துவிடக்கூடாது.

முதற்பேச்சு: 'கருவியில் என்ன இருக்கிறது?'

நிறைய இருக்கிறது. ஒளியியல் யாருடைய ஊக்கப் பேச்சுக்கும் வளைந்து கொடுக்காது. ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

ஒரு சிட்டுக்குருவியின் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அது நம்மிடமிருந்து 20 மீட்டர் தொலைவில் ஒரு வேலியின்மேல் அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற காட்சிக்காகச் செய்யப்பட்டது. 20 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 29 மீட்டர் அகலமுள்ள காட்சியை ஒரு படத்துக்குள் அடக்கிவிடும். படத்தின் அகலம் 4000 படப்புள்ளிகள் என்றால், அதில் குருவிக்குக் கிடைப்பது சுமார் 20 புள்ளிகள். இருபது புள்ளிகளில் அலகு ஏது? கண் ஏது? இறகின் வரி ஏது? வேலியின்மேல் ஓர் அழுக்கு ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும். விரல்களால் திரையை இழுத்துப் பெரிதாக்கினால் அழுக்குதான் பெரிதாகும். இப்போதைய கைப்பேசிகள் சில, இல்லாத நுணுக்கத்தைத் தாமே ஊகித்து வரைந்து நிரப்புகின்றன. அது பறவையின் படம் ஆகாது, இயந்திரத்தின் கற்பனை.

அதே இடத்தில் 500 மில்லிமீட்டர் லென்ஸ் பூட்டிய கேமராவை வைத்தால், காட்சியின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டராகச் சுருங்குகிறது. குருவி படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கை நிரப்புகிறது. கண்ணின் ஒளிப்புள்ளி கூடத் தெரியும். இரண்டு கருவிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இருபதுக்கு ஒன்று. இந்த இருபது மடங்கை 'முயற்சி திருவினையாக்கும்' என்று சொல்லித் தாண்டிவிட முடியுமா?

அதோடு, பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக் குவியம் அமைக்கும் கேமராக்கள் 2020ஆம் ஆண்டு முதல் கடைகளுக்கு வந்துவிட்டன. பறக்கும் பறவையைத் தெளிவாகப் பிடிக்க ஒருவர் ஆண்டுக்கணக்கில் பழகிய கைத்திறனில் ஒரு பங்கை இன்று கருவியே செய்துவிடுகிறது. பெரிய 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றின் விலை புதிய மைவி மகிழுந்தின் விலையை எட்டும். இந்நிலையில் 'கருவியில் ஒன்றுமில்லை' என்று சொல்வது யாருக்கு எளிது? அந்தக் கருவியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் எளிது.

சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்களுக்கான ஓர் ஒளிப்படப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். நடத்தியவர்களின் பெயர் இங்குத் தேவையில்லை. ஊர்ப் பறவைகள் என்பது தலைப்பு. பரிசு பெற்ற படங்கள் யாவும் பெரிய லென்ஸால் எடுக்கப்பட்டவை. அவற்றுள் எத்தனைப் படங்களுக்குப் பிள்ளை பொத்தானை அழுத்தியது, எத்தனைக்குத் தந்தை அழுத்தினார் என்று எவரும் கேட்கவில்லை. என் மாணவி ஒருத்தி, தன் அடுக்குமாடி வீட்டு மாடத்திலிருந்து ஒரு குண்டுகரிச்சானைப் பதினொரு நாள் கவனித்திருந்தாள். விடியுமுன் அது தொலைக்காட்சி அலைவாங்கியின் உச்சியில் இருந்து பாடுவதையும், வெயில் ஏறியபின் தரைக்கு வந்து பூச்சி பொறுக்குவதையும் நேரத்தோடு குறித்திருந்தாள். அவளுடைய படம் கைப்பேசிப் படம். கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு புள்ளி. அது முதற்சுற்றிலேயே கழிந்தது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க நடுவர்களுக்கு விதி இடம் தரவில்லையாம். பிறகு பரிசளிப்பில் பேசிய பெரியவர், 'பிள்ளைகளே, கருவி முக்கியமில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்றார். அரங்கம் கைதட்டியது.

அந்தக் கைதட்டலின் பொருள் என்ன? 'நீ தோற்றது கருவியால் அன்று. உனக்குத் திறன் இல்லாததால்தான்' என்று அந்தச் சிறுமிக்குச் சொல்லியிருக்கிறோம். அது பொய் மட்டுமன்று, அநீதியும் ஆகும். கருவிக்குப் பரிசைக் கொடுத்துவிட்டுத் திறனைப் புகழ்ந்து பேசுவதைக் காட்டிலும், 'இது கருவியுள்ளோர் போட்டி' என்று வாயிலில் எழுதிவைப்பது நேர்மையாக இருக்கும்.

இரண்டாம் பேச்சு: 'கருவி வாங்கினால் படம் வரும்'

அப்படியானால் காசைக் கொட்டிக் கருவி வாங்குவதே வழியா? அதுவும் இல்லை. முன்னே போட்ட கணக்கை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் குவியத் தொலைவை இருமடங்காக்கினால் பறவை இருமடங்கு பெரிதாகத் தெரியும். பறவைக்கும் நமக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினாலும் அதே பயன் கிடைக்கும். 20 மீட்டர் தொலைவிலிருந்து 5 மீட்டர் தொலைவுக்குப் பறவையை அஞ்சவிடாமல் நெருங்கத் தெரிந்தவனுக்கு, 500 மில்லிமீட்டர் லென்ஸ் 2000 மில்லிமீட்டர் லென்ஸின் வேலையைச் செய்யும். அத்தகைய லென்ஸைக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள்! நெருங்கத் தெரிவதுதான் திறன். அதை எந்தக் கடையும் விற்பதில்லை.

நெருங்குவது என்றால் பதுங்கிப் பதுங்கிப் போவது மட்டுமன்று. பறவை வரும் இடத்தில் அது வருமுன் போய் அமைதியாக அமர்ந்திருப்பதே பெரும்பாலும் சிறந்த வழி. பஞ்சுருட்டான் தட்டாம்பூச்சியைப் பிடித்தபின் பெரும்பாலும் தான் கிளம்பிய கம்பிக்கே திரும்பி வந்து, இரையை அடித்துக் கொன்று உண்ணும். வெண்மார்பு மீன்கொத்திக்கும் விருப்பமான இருக்கை உண்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் நாட்டுக்கு வரும் பழுப்புக் கீச்சான் ஒரு புதரைத் தன் எல்லையாக்கிக்கொண்டு பல வாரம் அங்கேயே இருக்கும். பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே மேலெழும். எனவே காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் பறவை உங்களை நோக்கி எழும், எதிரிலிருந்து வீசினால் முதுகைக் காட்டிப் பறக்கும். இவற்றை அறிந்தவன் கேமராவை உயர்த்தி ஆயத்தமாக இருப்பான். அறியாதவன் மகிழுந்து விலைக் கருவியோடு பறவையின் வாலைப் படம் எடுப்பான்.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். பெருநிலப் பகுதியில் தெலுக் ஆயர் தாவார் முதல் கோல மூடா வரை நீளும் சேற்றுக் கரை, வலசை வரும் உள்ளான் இனப் பறவைகளுக்குப் பெயர் பெற்றது. கடல் வற்றியிருக்கும்போது போனால் பறவைகள் வெகு தொலைவில் சேற்றின் விளிம்பில் புள்ளிகளாய்த் திரியும். கடல் ஏறும் நேரத்தில் போனால், அலையே அவற்றைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். அக்கரை மேற்கு நோக்கியது. காலையில் கதிரவன் நம் முதுகுக்குப் பின்னிருந்து பறவையின்மேல் ஒளியை வீசுவான். மாலையிலோ எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகிவிடும். நண்பகலில் சூடான சேற்றின்மேல் காற்றுத் திரை நடுங்கும். அந்நடுக்கத்தை எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் வெல்ல முடியாது. ஆகவே, ஓதநேர அட்டவணையைப் பார்த்துக் காலை ஏற்றத்துக்குப் போகும் ஏழை மாணவன், நண்பகல் இறக்கத்துக்குப் போகும் செல்வரைவிடப் பறவைக்கு நெருக்கமாக இருப்பான். அட்டவணை இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

தீவின் மேற்கே பாலிக் பூலாவ் வட்டாரத்தில் சுங்கை பூரோங் வயல்வெளி உள்ளது. மலாய்மொழியில் அப்பெயருக்குப் 'பறவை ஆறு' என்றே பொருள். கிழக்கே மலை மறைப்பதால் அங்கு நேர்வெயில் சற்றுத் தாமதமாகத்தான் விழும். உழவு நடக்கும் நாளில் கொக்குகள் கலப்பை இயந்திரத்தின் பின்னாலேயே நடக்கும். நட்ட பயிர் உயர்ந்தபின் அதே வயலில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நேரம், ஒரு பருவம், ஒரு பழக்கம் உண்டு. அதைக் கற்பதற்குத் தேவைப்படுவது கண்ணும் குறிப்பேடும் பொறுமையும்.

மூவர் காட்டும் வழி

வெறும் தருக்கம் போதாது என்பீர்கள். நம்மோடு தொடர்புடைய மூவரைச் சுட்டுகிறேன்.

முதலாமவர் மா. கிருஷ்ணன் (1912–1996). திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தாம் மறையும் ஆண்டு வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் இயற்கைப் பத்தி எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். அவருடைய கேமரா ஒரு வகையினதன்று. ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ், வேறு எங்கிருந்தோ வந்த உறுப்புகள் என ஒட்டுப்போட்டுச் செய்தது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று அவரே வேடிக்கைப் பெயரும் சூட்டியிருந்தார். அந்த ஒட்டுக் கருவியைச் சுமந்து காடுகளில் நடந்து அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 'பார்த்தீர்களா, கிருஷ்ணன் புல்லை ஆயுதமாக்கினார்!' என்று யாரும் துள்ள வேண்டா. அவர் கையில் இருந்தது புல்லன்று. நீண்ட லென்ஸ் வேண்டும் என்று அறிந்து, வாங்க முடியாததைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கருவியின் தேவையை அவர் மறுக்கவில்லை; கடையின் தேவையைத்தான் மறுத்தார்.

இரண்டாமவர் லோக் வான் தோ (1915–1964). கோலாலம்பூரில் பிறந்தவர், பெருஞ்செல்வர் லோக் இயூவின் மகன், கேத்தே திரைப்பட நிறுவனத்தின் தலைவர். எந்தக் கருவியையும் விலை கேளாமல் வாங்கக்கூடியவர். அவர் அத்தோடு நின்றாரா? இந்தியாவின் பறவையியல் அறிஞர் சலீம் அலியோடு நட்புப் பூண்டு, அவரோடு நெடும்பயணங்கள் சென்று, மறைகூடாரத்துக்குள் மணிக்கணக்கில் வியர்த்துக் கிடந்து படம் எடுத்தார். 1957ஆம் ஆண்டு தம் பறவை அனுபவங்களை நூலாக்கினார். 1964இல் தைவானில் விமான விபத்தில் மறைந்தார். பணம் அவருக்குக் கேமராவைத் தந்தது. பறவையை அவர் உட்கார்ந்துதான் பெற்றார்.

மூன்றாமவர் நம் மலேசியரான லாரன்ஸ் போ. 1999ஆம் ஆண்டில் ஒரு சிறிய எண்மக் கேமராவைப் பறவை பார்க்கும் தொலைநோக்கியின் கண்வில்லையோடு பொருத்திப் படம் எடுத்துப் பார்த்தார். வந்த படத்தின் தெளிவு அவரையே வியக்க வைத்தது. இம்முறை உலகெங்கும் பரவியது. பிரெஞ்சுப் பறவை ஆர்வலர் ஆலன் ஃபோசே இதற்கு 'டிஜிஸ்கோப்பிங்' என்று பெயரிட்டார். இத்துறையின் முன்னோடி என்று இன்றும் உலகப் பறவை ஆர்வலர்கள் லாரன்ஸ் போவைச் சொல்கிறார்கள். நம் நாட்டில் பிறந்த முறை இது. நம் பள்ளிகளில் எத்தனைப் பேருக்குத் தெரியும்?

செல்வர் ஒருவர், ஒட்டுக்கருவிக்காரர் ஒருவர், இருந்ததை இணைத்துப் பார்த்தவர் ஒருவர். மூவருக்கும் பொதுவானது, பறவையை முதலில் அறிந்ததும் தமக்கு எந்தக் கருவி எதற்காக வேண்டும் என்று தெளிந்ததும் ஆகும். திறனுக்கும் கருவிக்கும் இடையே போட்டி வைப்பதே தவறு. திறன் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது. கருவி திறனுக்குக் கை கொடுக்கிறது. ஒன்றைக் கழித்தால் மற்றொன்று முடமாகும்.

பறவைக்கு நேரும் கேடு

கருவி வந்து திறன் வராதபோது யார் துன்புறுவது? படம் எடுப்பவர் அன்று; பறவைதான்.

நெருங்கத் தெரியாதவர் பறவையைத் தம்மிடம் இழுக்கக் குறுக்கு வழி தேடுகிறார். ஆண்பறவையின் குரலை ஒலிபெருக்கியில் மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, எதிரி வந்துவிட்டான் என்று அதை அலைக்கழிக்கிறார். உயிருள்ள புழுவைக் கிளையில் வைத்து அதே இடத்துக்குத் தினமும் வரவழைக்கிறார். கூட்டைக் கண்டுவிட்டாலோ கேட்க வேண்டியதில்லை. மறைக்கும் இலையையும் கிளையையும் ஒடித்து 'தெளிவு' உண்டாக்குகிறார். அந்த இலைதான் குஞ்சுக்குக் குடை. அதுதான் காக்கையின் கண்ணிலிருந்து காக்கும் திரை. நாம் படத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். வெயிலிலும் காக்கையின் அலகிலும் குஞ்சு என்ன ஆயிற்று என்று பார்க்க யார் போகிறார்?

முற்காலத்தில் பெரியவர்களும் கூட்டருகே படம் எடுத்தார்கள்; லோக் வான் தோவும் எடுத்தார். நீண்ட லென்ஸ்கள் அரிதாக இருந்த காலம் அது. கூடு ஒன்றுதான் பறவை உறுதியாகத் திரும்பி வரும் இடமாக இருந்தது. இன்று அந்தச் சாக்கு இல்லை. தொலைவிலிருந்து எடுக்கும் கருவி இருந்தும் கூட்டை நெருங்குபவருக்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிப் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைக் கைவிட்டவர்கள். அந்த மரபில் வந்த பிள்ளைகளுக்கு நாம் போட்டிப் பரிசுக்காகக் கூட்டைக் கலைக்கக் கற்றுக்கொடுப்பதா? பினாங்குக் கொடிமலையும் தண்ணீர்மலைப் பூமலையும் அடங்கிய பகுதியை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. பெருமைப்பட்டோம், நாளேட்டில் படித்தோம். அந்தப் பெருமை நம் பிள்ளைகளின் நடத்தையில் தெரிய வேண்டாவா?

சிலர் எழுப்பும் மறுப்புகள்

'ஒளிப்படப் போட்டி என்றால் படத்தைத்தானே மதிப்பிட முடியும்?' என்பார்கள். பெரியவர்களின் போட்டிக்கு அது சரி. பள்ளிப் போட்டி கற்றலுக்காக நடப்பது. ஓட்டப் பந்தயத்தில் ஒரு பிள்ளை மிதிவண்டியிலும் ஒரு பிள்ளை வெறுங்காலிலும் ஓடினால், 'முதலில் வந்தவருக்குத்தானே பரிசு?' என்று கேட்போமா?

'பள்ளிக்குப் பறவையா முக்கியம்? கணக்கும் அறிவியலும் இருக்கட்டும்' என்பார்கள். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். விகிதம் அதில் இருக்கிறது; ஒளியியல் இருக்கிறது; ஓதம், காற்று, பருவம் யாவும் இருக்கின்றன. தமிழும் இருக்கிறது. குண்டுகரிச்சான், பஞ்சுருட்டான், கீச்சான், உள்ளான், தேன்சிட்டு, தூக்கணாங்குருவி என்னும் பெயர்கள் நம் பிள்ளைகளின் நாவிலிருந்து மறைந்து, எல்லாமே 'குருவி' ஆகிவிட்டன. பெயர் தெரியாத பறவை கண்ணில் பட்டும் படாததுபோல் போய்விடுகிறது. பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளை இரண்டு குருவிகளுக்கிடையே வேறுபாட்டைத் தேடத் தொடங்குகிறது. பார்வை கூர்மையாவது அங்கிருந்துதான்.

'யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைக்குச் சான்றிதழ் சேர்க்க வேண்டாவா?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. சேருங்கள், வேண்டா என்று சொல்லவில்லை. ஆனால், தந்தையின் கேமரா பெற்றுத்தந்த சான்றிதழ் தந்தைக்குரியது. பிள்ளைக்கு அது எதையும் கற்றுத்தரவில்லை. உள்ளுக்குள் அது பிள்ளைக்கும் தெரியும்.

'அப்படியானால் கருவி வாங்கவே வேண்டாவா?' என்று கேட்டால், வாங்க வேண்டும் என்றே சொல்வேன். தனித்தனியாக அன்று, பொதுவில்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது ஆசிரியர் பணியன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எண்ணிப் பார்க்கச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

1. பள்ளிக்கு முதலில் வாங்க வேண்டியது கேமரா அன்று, பைனாகுலர். எட்டு மடங்கு பெரிதாக்கும் எளிய பைனாகுலர்கள் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன. ஒரு பெரிய லென்ஸின் விலையில் ஒரு பள்ளிக்குத் தேவையானதற்கும் மேல் வாங்கலாம். பார்க்கக் கற்ற பிறகே படம் எடுக்கக் கற்பது முறை.

2. லாரன்ஸ் போ காட்டிய வழியைக் கைப்பேசியோடு முயலுங்கள். பைனாகுலரின் கண்வில்லையின்மேல் கைப்பேசியின் லென்ஸை நேராகப் பொருத்திப் பிடித்தால், முன்னே சொன்ன 20 புள்ளிக் குருவி ஏறத்தாழ 160 புள்ளிக் குருவியாகும். பரிசுப் படமாகாது; ஆனால், எந்தப் பறவை என்று சொல்லப் போதும். பைனாகுலரை முக்காலியிலோ சுவரிலோ அசையாமல் வைத்தால் படம் மேலும் தெளியும். பழைய காலணிப் பெட்டியின் அட்டையை வெட்டிப் பொருத்தி செய்வதைப் பிள்ளைகளே விரும்பிச் செய்வார்கள்.

3. வசதியிருந்தால், பயன்படுத்திய கேமரா ஒன்றும் நீண்ட லென்ஸ் ஒன்றும் பள்ளிப் பொதுவுடைமையாக இருக்கட்டும். யார் எந்நாளில் எடுத்துச் செல்வது என்று பதிவேடு வைத்து, முறைவைத்துக் கொடுங்கள். குறிப்பேட்டில் பத்து நாள் கவனிப்பை எழுதிய பிள்ளைக்கு முன்னுரிமை. அப்போது கருவி திறனுக்குப் பரிசாகும்.

4. போட்டி நடத்துவோர் கைப்பேசிக்கு ஒரு பிரிவும் லென்ஸ் மாற்றும் கேமராவுக்கு ஒரு பிரிவும் வையுங்கள். படத்தோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பைக் கட்டாயமாக்குங்கள்: எந்த இடம், எந்நேரம், என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தாய்? மதிப்பெண்ணில் பாதி குறிப்புக்கு. பொத்தானை அழுத்தியது யார் என்பது இரண்டு கேள்விகளில் தெரிந்துவிடும்.

5. கூடு, குஞ்சு, இரை வைத்து எடுத்த படம், குரலை ஒலிக்கவிட்டு எடுத்த படம் ஆகியவற்றை எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளுபடி செய்யுங்கள். விதியில் எழுதுங்கள், பரிசளிப்பின்போது மேடையிலும் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குக் கேமரா வாங்கித் தர உங்களால் முடியும் என்றால் மகிழ்ச்சி. வாங்குமுன் ஒரு மாதம் அவனோடு காலையில் நடந்து வாருங்கள். ஒரே மரத்தை முப்பது நாளும் பாருங்கள். மாதக் கடைசியில் எந்தப் பறவை எப்போது வரும் என்று அவன் உங்களுக்குச் சொன்னால், தயங்காமல் கடைக்குப் போங்கள். சொல்லவில்லையென்றால் காசைப் பெட்டியில் வைத்திருங்கள். கேமராவின் விலை எங்கும் ஓடிவிடாது.

வாங்கித் தர முடியாத பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். 'உனக்கு நல்ல கருவி வேண்டியதுதான். அது வரும்வரை பறவையைப் படித்துவை' என்று உண்மையைச் சொல்லுங்கள். பிறகு பள்ளிக்கு வந்து, பொதுக் கருவி எங்கே என்று எங்களைக் கேளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆசிரியப் பெருமக்களே, அந்தக் கேள்வி வருமுன் நாம் விடை ஆயத்தம் செய்வோம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 'இரண்டு பைனாகுலர்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தொடங்கிவிடலாம்.

அன்புடன், பினாங்கிலிருந்து ஒரு தமிழாசிரியர்.